உங்களுக்குத் தெரியுமா? ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டர் காற்று!

● ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். அத்தனையும் ஏர் ஃபில்டர் வழியாகத்தான் இன்ஜினுக்குள் போகிறது.

● கார்புரேட்டர் உள்ள பழைய மாருதி 800 போன்ற கார்களில் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் காற்று குறையும், பெட்ரோல் விகிதம் கூடும். மைலேஜ் இறங்கும், ஸ்பார்க் பிளக்கில் கரி படியும்.

● இன்ஜெக்‌ஷன் கார்களில் காற்றுக்கேற்ப பெட்ரோலும் குறைக்கப்படுவதால் மைலேஜ் பெரிதாக மாறாது, இழுவைதான் குறையும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009இல் இதைச் சோதித்துக் காட்டியது.

● காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவாவிட்டால் மாற்றிவிடுங்கள்.

● ஃபில்டர் இல்லாமல் ஒருபோதும் ஓட்டாதீர்கள். உள்ளே புகும் தூசு சிலிண்டரையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்த்துவிடும்.