உப்பளக் கரையில் சமூக அறிவியல்

ஒருவரின் தன்னம்பிக்கை பாராட்டுரைகளைக் காட்டிலும், ஒரு பணியைத் தானே செய்து முடித்த அனுபவத்தாலேயே மிகுதியாக வளர்கிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் வாதிட்டார். 'தன்திறன் நம்பிக்கை', அதாவது குறிப்பிட்ட ஒரு வேலை தன்னால் ஆகும் என்னும் உறுதி, பாடத்துக்குப் பாடம் வேறுபடும். ஆண்டுகளையும் பெயர்களையும் ஒப்பிப்பதாகவே பெரும்பாலும் சுருங்கிவிட்ட சமூக அறிவியலில், 'செய்து முடித்தேன்' என்று சொல்லிக்கொள்ளும் வாய்ப்பு மாணவருக்கு அரிதாகவே கிட்டுகிறது.

இந்தக் குறையைப் போக்குவதற்கு விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் கடற்கரையைவிட வளமான வகுப்பறை அமைவது கடினம். கொரோனா காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய, தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் குடியிருப்புகளிலேயே பாடம் நடத்துவதற்கான 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் ஒன்றியத்தின் முதலியார்குப்பத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. பள்ளிச் சுவருக்கு வெளியிலும் கற்பித்தல் நடக்கும் என்பது ஊருக்குப் புதிதன்று.

ஆந்திரப் பிரதேசத்திலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாய் மரக்காணத்தில் முடிகிறது. பூமீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. அருகிலுள்ள கழுவெளி ஈரநிலம் 2021 இறுதியில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எனினும், தொடக்கத்திலேயே இவ்வளவையும் கொட்டிவிடாமல், இங்குள்ள ஓர் உப்பளத்தின் வரைபடத்தை மாணவரே வரையச் செய்வது நல்ல முதற்படியாகும். உவர்நீர் எந்த வாய்க்கால் வழியே நுழைகிறது, எந்தப் பாத்தியில் தேங்கி வெயிலில் அடர்கிறது, எங்கே உப்பாகப் படிகிறது, வாரிய உப்பு எங்கே குவிக்கப்படுகிறது என்பவற்றை அம்புக்குறிகளால் காட்டும் சிறுமி, திசை, அளவுத்திட்டம், குறியீடு ஆகிய நிலவரைபடக் கூறுகளைத் தன் கையாலேயே கற்றுவிடுகிறாள். அதன்பின் இந்திய வரைபடம் அவளை மிரட்டுவதில்லை.

அடுத்த படி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்வது. திருச்சிராப்பள்ளியிலிருந்து 1930 ஏப்ரல் 13 அன்று புறப்பட்ட ராஜாஜி தலைமையிலான வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரக நடைப்பயணத்தை ஒப்பிக்கச் சொல்வதற்கு முன், 'கடல்நீரும் வெயிலும் இலவசமாக இருக்க, உப்புக்கு அரசு வரி விதித்தது எப்படி?' என்று கேட்கலாம். குழுவாகப் பேசி, மனவரைபடமாகத் தொகுத்து, பிறகு தனித்தனியே எழுதும் முறை தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 'படைப்பாற்றல் கல்வி' என்னும் பெயரில் முன்பே அறிமுகமானதுதான். வகுப்பு முழுவதன் முன் எழுந்து பேசத் தயங்கும் மாணவர் நால்வர் நடுவே பேசுவார். பேசியதை எழுதும்போது விடைத்தாளும் நிரம்பும்.

இவ்வணுகுமுறையில் ஓர் இடர் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. பெற்றோரின் தொழிலைப் பாடமாக்குவது, பிள்ளையை அத்தொழிலோடு பிணைப்பதாகிவிடலாம். உப்புக்காக நடந்த அதே ராஜாஜி முதலமைச்சராக 1953-இல் கொண்டுவந்த, மீதி நேரத்தில் பெற்றோர் தொழிலைக் கற்கச் சொன்ன அரைநாள் பள்ளித் திட்டம், 'குலக்கல்வி' என்ற கடும் எதிர்ப்புக்கு ஆளாகி, மறு ஆண்டு காமராஜர் ஆட்சியில் கைவிடப்பட்டது. ஆகவே உப்பளத் தொழிலாளியின் மகன் மீன் ஏலக் கணக்கையும், மீனவர் மகள் உப்பளக் குத்தகை முறையையும் விசாரித்து எழுதுமாறு பணிகளை மாற்றித் தருவது தக்கது. கூலியை யார் தீர்மானிக்கிறார், மழைக்காலத்தில் வேலை நின்றால் வருமானம் என்னாகிறது என்ற கேள்விகளை, அவமானம் நேராத தொலைவில் நின்று இருவரும் கேட்க அது வழிவிடும்.