பரணிக்கு முதல் நாள்

திருத்தணியில் வீடு வைத்துக்கொண்டிருப்பவனுக்கு உறவினர் பஞ்சம் ஏற்பட்டதாகச் சரித்திரமே கிடையாது. வருஷத்தில் பதினொரு மாதம் நம்முடைய விலாசத்தை அடியோடு மறந்திருக்கும் பந்துக்களுக்கெல்லாம் ஆடி பிறந்தவுடன் ஞாபகசக்தி வந்துவிடுகிறது. ஆடிக் கிருத்திகைக்கு மலையெங்கும் பூக்காவடி. கீழே சரவணப் பொய்கையில் மூன்று நாள் தெப்பம். இடையில் நம்முடைய வீட்டுத் திண்ணை. முருகப் பெருமானைத் தரிசிக்க வருகிறவர்கள் திண்ணையையும் தரிசித்துவிட்டுத்தான் போவார்கள். அதில் நமக்கும் சந்தோஷந்தான்.

இந்த வருஷம் என் தமையனார் முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தார்: "பரணியன்று காலையில் குடும்பத்தோடு வந்துவிடுகிறேன். வீட்டைப் பற்றியும் பேசி முடித்துவிடலாம்."

அந்த இரண்டாவது வாக்கியந்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. எங்கள் வீடு பாட்டனார் கட்டியது. முன்கட்டு நாட்டு ஓடு, பின்கட்டு சுண்ணாம்பு மச்சு, நடுவில் முற்றம், கொல்லையில் கிணறு. "இந்த ஓட்டை வீட்டை இடித்துவிட்டு யாத்திரிகர்கள் தங்க நாலு மாடியில் விடுதி கட்டினால் என்ன?" என்று அண்ணா இரண்டு வருஷமாகக் கேட்டுவருகிறார். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொல்வதில் தப்பில்லை. ஆனால் 'ஓட்டை வீடு' என்று சொன்னாரே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஓட்டை என்பது அடைக்கக்கூடிய பொருளல்லவா?

எதை அடைப்பது, யாரைக் கொண்டு அடைப்பது என்பதில்தான் தொல்லை வந்தது. கூடத்தில் இரண்டு இடத்தில் ஒழுக்கு. மச்சில் ஒரு வெடிப்பு. சமையலறைக் குழாய் இரவு முழுவதும் சொட்டி, விடிவதற்குள் ஒரு வாளியை நிரப்பிவிடுகிறது. கிணற்று ராட்டினத்தின் ஓலம் தெருக்கோடிக்குக் கேட்கிறது. கொத்தனாரைத் தேடிப் போனால் அவர் ஒரு விடுதிக்குத் தளம் போடப் போயிருந்தார். குழாய்க்காரர் கைப்பேசியை எடுக்கவில்லை. கிருத்திகைக்கு முந்திய வாரத்தில் இந்த ஊரில் கைவேலை தெரிந்தவரைப் பிடிப்பதைவிட, 365 படியும் ஏறிப் போய் ஸ்வாமியையே கூப்பிடுவது சுலபம். என் மனையாள் சொன்னாள்: "நீங்களே செய்யுங்களேன். பேனா பிடிக்கிற கைதானே, சுத்தியல் பிடித்தால் உதிர்ந்துவிடுமா?"

நம்மைப் போன்றவர்களிடம் இந்தக் கேள்வியை முதலில் கேட்டவள் என் மனையாள் என்று சொல்ல முடியாது. 1910-ல் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையை ஆரம்பித்தபோது காந்தியடிகள் நாற்பது வயது தாண்டிய பாரிஸ்டர். அவருடைய ஜெர்மானிய நண்பர் காலன்பாக் ஒரு கிறிஸ்தவ மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வந்தார். அவரிடமிருந்து காந்தியடிகள் கற்றுக்கொண்டு மற்றவர்களுக்கும் கற்பித்தார். 1937-ல் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டில், ஒரு கைத்தொழிலைச் சுற்றியே குழந்தைகளின் படிப்பு அமையவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். நாம் பாராட்டினோம், கைதட்டினோம், பிள்ளைகளைக் கணக்கிலும் இங்கிலீஷிலும் தேறவைத்தோம். அதன் பலன், குழாய்க்கு வாஷர் மாற்ற ஆள் தேடி ஊரைச் சுற்றுகிறோம்.

எங்கள் அதிர்ஷ்டம், பக்கத்து வீட்டில் ஒரு வயோதிக மேஸ்திரி இருக்கிறார். முழங்கால் வலியால் ஏணி ஏறுவதை விட்டுச் சில வருஷங்களாயின. முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "நான் வாயால் செய்கிறேன், தம்பி. நீ கையால் செய்" என்றார். வீட்டில் பேசும் பாஷை அவருக்குத் தெலுங்கு. தெருவில் பேசுவது தமிழ். வேலையில் இரண்டும் கலந்து வரும். ஏணி அவருக்கு 'நிச்சென'தான்.

இந்த ஊரின் கதையும் அவருடைய பாஷையைப் போன்றதே. 1911-ல் சித்தூர் ஜில்லா ஏற்பட்டபோது திருத்தணி அதில் சேர்ந்தது. 1953 அக்டோபர் 1-ந் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது அதனுடன் போயிற்று. ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் நடத்திய எல்லைக் கிளர்ச்சிக்கும் படாஸ்கரின் சிபார்சுக்கும் பிறகு, 1960 ஏப்ரல் 1-ந் தேதி சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தது. மேஸ்திரி ஆந்திர ராஜ்யத்தில் பிறந்து, பிறந்த தெருவை விட்டு நகராமலே தமிழ்நாட்டுக்கு வந்துசேர்ந்தவர். "எல்லை போச்சு, வந்துச்சு. ஓடு மட்டும் அங்கேயேதான் ஒழுகுச்சு" என்பார்.

அந்த ஓட்டிலேயே ஆரம்பித்தோம். நாட்டு ஓடு பாதிக் குழாய் போல வளைந்தது. கீழ் வரிசை வாய் மேலே பார்த்திருக்கும். மேல் வரிசை அதன் இடுக்கைக் கவிழ்ந்து மூடும். ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கும் கொக்கி எதுவும் இல்லை. 1865-ல் பாஸல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொழிற்சாலை வைத்துச் செய்யத் தொடங்கிய தட்டை ஓட்டுக்கு அந்தக் கொக்கி உண்டு. நாட்டு ஓட்டை நிறுத்திவைப்பது அதன் கனமும் நம்முடைய நம்பிக்கையுந்தான். மலையிலிருந்து இறங்கிவரும் வானரங்களுக்கு இந்த இரகசியம் தெரியும். ஒரு குட்டி ஓடினால் பத்து ஓடு நகரும். ஒரு சண்டை நடந்தால் கூடத்தில் மழை பெய்யும்.

"நிச்சென அடியைச் சுவரிலிருந்து தள்ளி வை" என்றார் மேஸ்திரி. பன்னிரண்டு அடி உயரத்தில் சாயும் ஏணிக்கு அடிப்பாகம் மூன்றடி தள்ளியிருக்கவேண்டுமாம், நாலுக்கு ஒன்று. கிட்டே வைத்தால் ஏணி நம்மோடு பின்னால் சாயும். எட்ட வைத்தால் கால் வழுக்கும். மேலே போனதும் ஓட்டில் கால் வைக்காமல், கைமரங்களுக்குக் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் தவழச் சொன்னார். தவழ்ந்தேன். ஐம்பது வயதில் ஒருவன் கூரையில் தவழ்வதைப் பார்க்கத் தெருவில் கூட்டம் சேர்ந்தது. வானரங்களும் எதிர் மதிலில் வரிசையாக உட்கார்ந்து பார்த்தன. அவற்றின் முகத்தில் தெரிந்தது அனுதாபமா, ஏளனமா என்று இன்னமும் எனக்கு விளங்கவில்லை. உடைந்த பதினேழு ஓடுகளை எடுத்துவிட்டு, கொல்லையில் பாட்டனார் காலம் முதல் அடுக்கிவைத்திருந்த பழைய ஓடுகளைச் சொருகினேன். அந்தக் காலத்து மனிதர்கள் வீட்டைக் கட்டும்போதே அதன் ரிப்பேரையும் சேர்த்து வாங்கி வைத்திருக்கிறார்கள்.

மச்சு வெடிப்புக்கு ஒரு கிலோ சிமெண்டு வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். மேஸ்திரிக்குக் கோபம் வந்துவிட்டது. சிமெண்டு முரட்டுப் பிள்ளை. சுண்ணாம்பு வளைந்து கொடுக்கும் கிழவி. வெயிலில் மச்சு விரிந்து இரவில் சுருங்கும்போது சுண்ணாம்பு கூடவே அசையும், சிமெண்டு அசையாது. ஆகவே இரண்டும் சேர்ந்த இடத்தில் புதிய வெடிப்பு விடும். உள்ளே இறங்கிய ஈரமும் சிமெண்டின் வழியாக எளிதில் வெளியே வராது. பக்கத்துச் சுண்ணாம்பை அரித்துவிடும். 1824-ல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் பதிவு செய்த போர்ட்லண்டு சிமெண்டின்மேல் மேஸ்திரிக்குச் சொந்த விரோதம் கிடையாது. "புது வீட்டுக்குப் போடு; கிழ வீட்டுக்கு வேண்டாம்" என்பதுதான் அவர் கட்சி.

தம்முடைய வீட்டுக் கொல்லையிலிருந்து ஒரு பானையைக் கொண்டுவரச் சொன்னார். நீர் மூடிய நீற்றுச் சுண்ணாம்பு, வெண்ணெயாகக் குழைந்திருந்தது. நாலு வருஷமாக ஊறுகிறதாம். இதை வேடிக்கை என்று எண்ணவேண்டாம். நீற்றி மூன்று வருஷமாகாத சுண்ணாம்பை உபயோகிக்கக்கூடாதென்று பண்டைய கட்டிடச் சட்டங்கள் விதித்திருந்ததாக, முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமாபுரிப் பிளினி எழுதி வைத்திருக்கிறார். சலித்த மணலும் செங்கல் தூளும் சேர்த்துப் பிசைந்தோம். செங்கல் தூள் சேர்ந்தால் சுண்ணாம்பு ஈரத்திலும் இறுகும். ரோமாபுரியார் இதற்கே எரிமலைச் சாம்பலைச் சேர்த்தார்கள். கடுக்காயும் வெல்லமும் கேட்டேன். "அது பல நாள் ஊறணும். இன்னிக்குப் போட்டு இன்னிக்கு எடுத்தா வெறும் கஷாயம்" என்று சொல்லிவிட்டார். வெடிப்பை நனைத்து, கலவையைத் திணித்து, கரண்டியால் அழுத்தித் தேய்த்து, ஈரச் சாக்கைப் போர்த்தினோம். சுண்ணாம்பு வெறுமே காய்ந்து இறுகுவதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெதுவாக உட்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. அவசரப்பட்டால் உதிர்ந்துபோகும்.

குழாய் வேலை சீக்கிரம் முடிந்தது. மேல் தொட்டியின் வாயை மூடிவிட்டு, குழாய்த் தலையைக் கழற்றினால், உள்ளே வாஷர் தேய்ந்து காகிதமாயிருந்தது. பழைய சைக்கிள் டியூபில் காலணா அளவுக்கு வட்டமாக மூன்று துண்டு வெட்டி அடுக்கி வைத்தேன். சொட்டு நின்றது. இந்தச் சைக்கிள் டியூபே ஒரு வீட்டு வேலையில் உதித்தது என்பது நேயர்களுக்குத் தெரிந்திருக்கலாம். பெல்பாஸ்ட் நகரத்தில் கால்நடை வைத்தியம் பார்த்துவந்த டன்லப் என்பவர், தம் பிள்ளையின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட, ரப்பரைக் குழாயாக்கிக் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். அதை அவர் பதிவு செய்தது 1888-ல். அதே 1888-ல்தான் எங்கள் ஊரில் ராதாகிருஷ்ணன் பிறந்தார். இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றுமில்லை. ஊர்ப் பெருமையைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது, விடவில்லை.

மின்சாரப் பெட்டியையும் ஒரு கை பார்க்கலாமென்று திறந்தேன். திறந்தவுடன் நெஞ்சு திக்கென்றது. போன வருஷம் விளக்கு அணைந்தபோது என் மைத்துனன் 'ரிப்பேர்' செய்து கொடுத்தானே, அவன் ப்யூஸில் கட்டியிருந்தது தடித்த செப்புக் கம்பி! ப்யூஸ் கம்பி மெல்லியதாயிருப்பதே, மின்சாரம் மிஞ்சும்போது தான் உருகிச் செத்து வீட்டைக் காப்பாற்றத்தான். தடித்த கம்பி உருகாது. சுவருக்குள் ஓடும் கம்பிகள்தான் காயும். பீங்கான் ஏற்கெனவே கருகியிருந்தது. நாங்கள் ஒரு வருஷம் அந்தக் கூரையின் கீழ்க் குழந்தைகளைத் தூங்கவைத்திருக்கிறோம்.

மேஸ்திரி நாற்காலியிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். "தம்பி, இதுல கை வைக்காதே." வைக்கவில்லை. உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரைக் கெஞ்சி, இரவு ஒன்பது மணிக்கு வரவழைத்தேன். சரியான கம்பியைக் கட்டியதோடு, மின்சாரம் கொஞ்சம் கசிந்தாலும் இணைப்பைத் துண்டித்துவிடும் காப்புக் கருவி ஒன்றையும் பொருத்தினார். 30 மில்லி ஆம்பியர் கசிவே அதற்குப் போதுமாம். அன்றைக்குச் செலவான பணத்தில் முக்கால் பங்கு இதற்கே ஆயிற்று. அன்றைய காரியங்களில் இதுதான் அவசியமானது. இதை மட்டும் நான் செய்யவில்லை.

கிணற்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மத்தியானமே ராட்டினத்தின் அச்சுக்கு விளக்கெண்ணெய் விட்டு ஓலத்தை அடக்கினோம். அடக்கிய உற்சாகத்தில் என் பெண் வேகமாக இழுக்க, நைந்த கயிறு அறுந்து வாளி உள்ளே போய்விட்டது. எதிர்வீட்டுப் பாட்டியிடம் பாதாளக் கரண்டி இருக்கிறது. இரும்பு வளையத்தில் கொத்துக் கொத்தாகக் கொக்கிகள் தொங்கும் அந்தச் சாதனத்தை இந்தத் தலைமுறைக் குழந்தைகள் கண்டிருக்கமாட்டார்கள். ஈடாக ஒரு பாத்திரம் வைத்தால்தான் பாட்டி கரண்டியைக் கொடுப்பாள். எங்கள் தெருவில் வெகு காலமாக இதுதான் வழக்கம். அவளுடைய மாமியாரும் அப்படியே செய்தாளாம்.

கயிற்றில் கட்டி இறக்கி, அடியைத் தொட்டதும் மெதுவாக வட்டமிடவேண்டும். கையில் ஒரு சிறு கனம் தட்டும். அப்போது வெடுக்கென்று இழுத்தால் போய்விடும். முதலில் ஒரு டம்ளர் வந்தது. பிறகு ஒரு பொம்மை ரயில். பிறகு வாளி. போதுமென்று நினைக்கையில் மறுபடி ஏதோ மாட்டிற்று. பச்சைக் களிம்பேறி, சேறு அப்பிய ஒரு பித்தளைச் செம்பு மேலே வந்தது. என் மனையாள் புளியைப் போட்டுத் தேய்த்தாள். கழுத்தில் பாட்டியின் பெயர் வெட்டியிருந்தது.

இந்தச் செம்பு எனக்கு நன்றாகத் தெரியும். நாற்பது வருஷங்களுக்கு முன் இது களவு போயிற்று. திண்ணையிலிருந்து ஒரு பரதேசி எடுத்துக்கொண்டு ஓடியதைத் தம் கண்ணால் பார்த்ததாகச் சாட்சி சொன்னவர் என் தமையனார்.

மறுநாள் காலையில் அண்ணாவும் அண்ணியும் குழந்தைகளும் வந்திறங்கினார்கள். செம்பைத் துலக்கித் திண்ணையில் வைத்திருந்தேன். வேண்டுமென்றே வைத்தேன் என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன். அண்ணா கால் கழுவ வந்தவர் அதை எடுத்தார், திருப்பினார், பெயரைப் படித்தார். என்னைப் பார்க்கவில்லை.

"எங்கே கிடைத்தது?" என்றார்.

"பரதேசி கிணற்றில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான், அண்ணா" என்றேன்.

அன்று இரவு நல்ல மழை. மச்சு ஒழுகவில்லை. கூடத்தில் ஒரு இடத்தில் மட்டும் சொட்டிற்று. பதினெட்டாவது ஓட்டை நான் பார்க்கத் தவறியிருக்கிறேன். இருட்டில் யாரோ எழுந்து நடக்கும் சத்தம் கேட்டது. அண்ணா அந்தச் செம்பைக் கொண்டுவந்து சொட்டுக்கு நேராக வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வீட்டைப் பற்றிய பேச்சை அவர் எடுக்கவில்லை. காலையில் காவடிகள் தெருவில் போய்க்கொண்டிருக்கையில், மேஸ்திரியின் வாசலில் நின்று, "அந்த நிச்சென கொஞ்சம் வேணுமே" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.