படம் திறக்கிறது, சேவ் ஆக மறுக்கிறதா?

வீட்டில் இரண்டாவது கம்ப்யூட்டர் வந்ததுமே, ஒன்றில் உள்ள பைல்களை இன்னொன்றில் திறக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிடும். ஒன்றில் லினக்ஸ், மற்றொன்றில் மேக் என்றால் என்.எஃப்.எஸ். என்ற வசதியைப் பயன்படுத்தலாம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-ல் கொண்டுவந்தது இது. நாற்பது வருடம் தாண்டியும் நன்றாகவே ஓடுகிறது. அனுமதி விஷயத்தில்தான் புதியவர்களைப் பாடாய்ப் படுத்தும்.

தென்காசியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் சென்ற சீசனில் என்னை அழைத்தார். குற்றாலத்தில் எடுத்த கல்யாண ஜோடிப் படங்கள் உபுண்டு லினக்ஸ் போட்ட பழைய டெஸ்க்டாப்பில் இருந்தன. மகளுடைய புது மேக் லேப்டாப்பில் அவற்றைத் திருத்தி, திங்கட்கிழமைக்குள் ஆல்பம் அச்சுக்குப் போக வேண்டும். "தம்பி, படமெல்லாம் தெரியுது. கலர் திருத்தி சேவ் பண்ணினா 'பெர்மிஷன் டினைடு'ங்குது. ரெண்டுலயும் ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்டுதானே வச்சிருக்கோம்?" என்றார்.

சிக்கலே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. வழக்கமான அமைப்பில் என்.எஃப்.எஸ். உங்கள் பெயரையோ பாஸ்வேர்டையோ பார்ப்பதில்லை. ரேஷன் கடையில் கார்டு எண்ணைப் பார்ப்பது போல, யூசர் எண்ணை மட்டும் பார்க்கிறது. டெர்மினலில் 'ஐடி' என்ற இரண்டெழுத்துக் கட்டளையை டைப் செய்து எண்டர் தட்டுங்கள். உபுண்டுவில் முதல் யூசரின் எண் 1000. மேக்கில் 501. படத்தின் அனுமதி 644 என்றால் சொந்தக்காரர் படிக்கலாம், எழுதலாம். மற்றவர்கள் படிக்க மட்டுமே முடியும். 1000-க்குச் சொந்தமான படத்தை 501 பார்க்கலாம், திருத்த முடியாது. கம்ப்யூட்டர் சரியாகத்தான் வேலை செய்கிறது!

மேக்கில் கட்டளைக்கு முன்னால் 'சூடோ' சேர்த்தாலும் பலன் இல்லை. வேறு கம்ப்யூட்டரிலிருந்து வரும் ரூட் யூசரை லினக்ஸ் சர்வர் 65534 என்ற அனாமத்து எண்ணாக மாற்றிவிடும்.

பலரும் சொல்லும் வைத்தியம், போல்டருக்கு 777 கொடுப்பது. தயவுசெய்து வேண்டாம். சீசன் நேரத்தில் வீட்டைத் திறந்து போட்டுவிட்டு ஐந்தருவிக்குக் குளிக்கப் போவது மாதிரி அது. தவிர, மேக் உண்டாக்கும் புதுப் பைல்கள் 501-க்குச் சொந்தமாகிவிடும். அப்புறம் அவற்றைத் திருத்த முடியாமல் உபுண்டு தவிக்கும்.

சரியான வழி இது. உபுண்டுவில் ஈ.டி.சி. போல்டருக்குள் 'எக்ஸ்போர்ட்ஸ்' என்ற பைல் இருக்கும். படங்கள் உள்ள போல்டரின் பாதை, ஒரு ஸ்பேஸ், மேக்கின் ஐ.பி. முகவரி. அதை ஒட்டியே அடைப்புக்குறிக்குள் 'ஆர்டபிள்யூ', 'ஆல் ஸ்குவாஷ்' (இரு சொற்களுக்கும் நடுவில் அடிக்கோடு), 'அனான்யூஐடி' சமம் 1000, 'அனான்ஜிஐடி' சமம் 1000 என்று கமா போட்டு எழுதுங்கள். இனி மேக்கிலிருந்து யார் வந்தாலும் 1000-ஆகவே கருதப்படுவார்கள். 'இன்செக்யூர்' என்பதையும் சேர்த்துவிடுங்கள். மேக் சாதாரணமாக 1024-க்கு மேற்பட்ட போர்ட்டிலிருந்து பேசும். அது இல்லாவிட்டால் லினக்ஸ் இணைப்பையே மறுத்துவிடும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

முகவரிக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவில் ஸ்பேஸ் விழவே கூடாது. விழுந்தால் இந்தச் சலுகை மேக்குக்குக் கிடைக்காது. நெட்வொர்க்கில் உள்ள மற்ற எல்லோருக்கும் கிடைத்துவிடும். ஒரு ஸ்பேஸ் செய்யும் வேலையைப் பாருங்கள்!

பைலை சேவ் செய்து, 'எக்ஸ்போர்ட்எஃப்எஸ்' கட்டளையை 'மைனஸ் ஆர்ஏ' சேர்த்து சூடோவுடன் கொடுங்கள். மேக்கில் போல்டரை ஒருமுறை துண்டித்து மறுபடி இணையுங்கள். அண்ணாச்சி கடையில் இந்த வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. ஆல்பமும் ஞாயிறு இரவே போய்விட்டது.

மேக்கின் ஐ.பி. முகவரி மாறாதபடி ரவுட்டரில் ஒதுக்கி வைத்துவிடுங்கள். இல்லையேல் முகவரி மாறும் அன்று இணைப்பும் போய்விடும். வீட்டில் விண்டோஸ் கம்ப்யூட்டரும் இருந்தால் என்.எஃப்.எஸ்.ஸை விட்டுவிட்டு சாம்பா போடுவதே என் சிபாரிசு. அது பெயரும் பாஸ்வேர்டும் கேட்டு உள்ளே விடும் என்பதால் இந்த எண் தகராறு வராது.