மனச்சிதைவு நோயில் மரபும் சூழலும்

மனச்சிதைவு நோய் என்பது இல்லாத குரல்கள் காதில் கேட்பது, ஆதாரமற்ற சந்தேகங்களை உறுதியாக நம்புவது, பேச்சிலும் சிந்தனையிலும் கோர்வை குலைவது, ஆர்வமும் உணர்ச்சி வெளிப்பாடும் குறைவது போன்ற அறிகுறிகளைக் கொண்ட தீவிர மனநோய் ஆகும். ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயரை 1908-ல் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் புளூலர் அறிமுகப்படுத்தினார். பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ இது தொடங்குகிறது. ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது வரலாம். ஒரு வீட்டில் இந்நோய் தெரியவந்ததும் முதலில் எழும் கேள்வி, "இது யார் வழியில் வந்தது?" என்பதுதான்.

மரபுவழிக் காரணிகள்

இர்விங் காட்ஸ்மன் என்ற உளவியலாளர் ஐரோப்பிய ஆய்வுகளைத் தொகுத்துத் தந்த கணக்கு பாடநூல்களில் பரவலாக உள்ளது. அதன்படி நோயாளியின் உடன்பிறந்தவருக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 9%. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு 13%. உருவொத்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு 48%. டென்மார்க்கின் இரட்டையர் பதிவேட்டைக் கொண்டு 2018-ல் வெளியான ஆய்வு இந்தக் கடைசி எண்ணை 33% என்று குறைத்தது. எந்தக் கணக்கை எடுத்தாலும், ஒரே மரபணுக்களைக் கொண்ட இரட்டையரிலும் பாதிக்கு மேற்பட்ட இணைகளில் மற்றவர் தப்பிவிடுகிறார்.

ஒரே வீட்டில் வளர்வதால்தான் நோய் தொற்றிக்கொள்கிறதோ என்ற ஐயத்தை 1966-ல் லியோனார்டு ஹெஸ்டன் சோதித்தார். மனச்சிதைவு கொண்ட தாய்மாருக்குப் பிறந்து, உடனேயே பிரிக்கப்பட்டு வேறிடத்தில் வளர்ந்த 47 பேரில் 5 பேருக்கு நோய் வந்திருந்தது. ஒப்பீட்டுக் குழுவின் 50 பேரில் ஒருவருக்கும் இல்லை.

இதற்கென்று ஒற்றை மரபணு கிடையாது. 2022-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு, மரபணுத்தொகையில் 287 இடங்களை நோயுடன் தொடர்புபடுத்தியது. தனித்தனியே ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. அவற்றில் சி4 என்ற மரபணு கவனத்துக்குரியது. வளரிளம் பருவத்தில் மூளை தேவையற்ற நரம்பிணைப்புகளைக் கத்தரித்துவிடும். அந்த வேலையில் சி4-க்குப் பங்கு இருப்பதாகத் தெரிகிறது. கத்தரிப்பு அளவுமீறினால் நோய்க்கு வழி திறக்கலாம் என்பது கருதுகோள். நோய் தொடங்கும் வயதுடன் இது நன்றாகவே பொருந்துகிறது.

சூழல் காரணிகள்

சூழலின் பங்கு கருப்பையிலேயே தொடங்குகிறது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படைகளின் தடையால் மேற்கு நெதர்லாந்தில் கடும் பஞ்சம் ஏற்பட்டது. அதன் உச்சத்தில் கருவானவர்களிடம் பின்னாளில் இந்நோய் ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்பட்டது. சீனாவின் 1959-61 பஞ்சத்தை ஒட்டி, அன்ஹுய் மாகாணத்தின் வூஹு பகுதியில் நடந்த ஆய்வும் இதையே காட்டியது: 0.84% ஆக இருந்த வாய்ப்பு 2.15% வரை உயர்ந்தது. கர்ப்பகாலத் தொற்றுகள், பிரசவத்தில் குழந்தைக்கு ஆக்சிஜன் குறைதல், தந்தையின் முதிர்ந்த வயது, சிறுவயதுக் கொடுமைகள், புலம்பெயர்வு ஆகியவையும் பட்டியலில் உண்டு.

கஞ்சாவைத் தனியே சொல்ல வேண்டும். "மூலிகைதானே" என்று சொல்வோர் இன்றும் உண்டு. சுவீடனில் கட்டாய ராணுவச் சேவைக்கு வந்த சுமார் 45,000 இளைஞர்களைத் தொடர்ந்து கவனித்து 1987-ல் வெளியிட்ட ஆய்வில், 18 வயதுக்குள் 50 முறைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியவர்களுக்கு ஆறு மடங்கு அதிக வாய்ப்பு காணப்பட்டது. நோய்க்கான மரபுச் சாய்வே சிலரைக் கஞ்சாவை நாடச் செய்கிறது என்ற மறுவாதமும் உண்டு. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கலாம்.

டென்மார்க்கில் பெருநகரில் பிறந்து வளர்ந்தோருக்கு நோய் அதிகம். வளரும் நாடுகளில் இத்தொடர்பு உறுதிப்படவில்லை. எனவே கோபன்ஹேகன் கணக்கைச் சென்னைக்கு அப்படியே பொருத்த முடியாது.

வளர்ப்பும் பழியும்

1948-ல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன், தாயின் நடத்தையே நோயை உண்டாக்குவதாகக் கருதும் சொல்லாட்சியைப் புழக்கத்தில் விட்டார். பல தாய்மார் அந்தப் பழியைச் சுமந்தனர். பிற்கால ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. பின்லாந்தின் தத்துப்பிள்ளைகள் ஆய்வில் குடும்பச் சூழலின் தாக்கம் தெரிந்தாலும், அது மரபுச் சாய்வு இருந்த பிள்ளைகளிடமே வலுவாக வெளிப்பட்டது.

திருமணப் பேச்சில் "அந்தக் குடும்பத்தில் இருக்கிறதாமே" என்று விலகுவோர், 13% என்பதன் மறுபக்கம் 87% என்பதைப் பார்ப்பதில்லை. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோரின் தாய்க்கோ தந்தைக்கோ இந்நோய் இருந்ததில்லை. 22-ஆம் குரோமோசோமில் சிறு துண்டு இழப்பு போன்ற அரிய நிலைகளில் வாய்ப்பு நான்கில் ஒன்று வரை உயர்கிறது. மற்றபடி, குறிப்பிட்ட ஒருவருக்கு நோய் வருமா என்று உறுதியாகச் சொல்லும் மரபணுச் சோதனை எதுவும் இப்போது இல்லை.