பந்தயக் காரும் கணக்கு வலையும்

பந்தயக் கார் விரையும்போது காற்று அதனைத் தடுப்பதோடு நில்லாமல், சிறகுகளின் வாயிலாகத் தரையை நோக்கி அழுத்தவும் செய்கிறது. வளைவுகளில் கார் சறுக்காமல் திரும்புவதற்கு இவ்வழுத்தமே துணையாகிறது. இதன் அளவை அறிய, காற்றுச் சுரங்கத்தில் மாதிரியை வைத்துச் சோதிப்பது ஒரு முறை. கணிப்பொறியில் காற்றோட்டத்தைக் கணக்கிடுவது மற்றொரு முறை. பார்முலா ஒன் பந்தயத்தில் இவ்விரண்டுக்கும் விதிகள் வரம்பு கட்டியுள்ளன. 2021 முதல், வரிசையில் முன்னிற்கும் அணிக்குக் குறைவாகவும் பின்தங்கிய அணிக்கு மிகுதியாகவும் வாய்ப்பு அளிக்கப்படுகிறது. ஆகவே, பிழையான ஒரு கணக்கு வீணான ஒரு வாய்ப்பாகும்.

இம்முறையில், காரைச் சூழ்ந்த வெளி முழுவதும் சிறு சிறு அறைகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வோர் அறையிலும் காற்றின் வேகமும் அழுத்தமும் கணக்கிடப்படுகின்றன. இவ்வறைகளின் தொகுதியே வலை எனப்படும்.

நில அளவை பயின்றோர் இதன் நுட்பத்தை எளிதில் உணர்வர். முக்கோணங்களால் நிலத்தை அளக்கையில், கோணங்கள் 30 பாகைக்குக் குறையாமலும் 120 பாகைக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்பது விதி. ஒடுங்கிய முக்கோணத்தில் கோணத்தின் சிறு பிழையும் பக்க நீளத்தில் பெரும் பிழையாகிவிடும். வலையின் அறைகளும் அத்தகையனவே. அடுத்தடுத்த இரண்டு அறைகளின் மையங்களை இணைக்கும் கோடு, இடையேயுள்ள முகத்தை ஏறத்தாழச் செங்குத்தாகக் கடக்க வேண்டும். செங்குத்திலிருந்து சாய்வு 70 பாகையைத் தாண்டினால் கணக்கு நிலைகுலையக் கூடும்.

கணக்கு இடையில் நின்றுபோனால் பிழை வெளிப்பட்டுவிடும். நம்பத்தக்கது போன்ற விடை ஒன்று வந்துவிட்டாலோ, அபாயம் அதிகம். முன் சிறகின் முனையிலிருந்து புறப்படும் சுழல், கெட்ட அறைகளின் வழியே செல்லும்போது, உண்மையில் தேய்வதற்கு முன்பே கணக்கில் தேய்ந்துவிடும். அதனால் காரின் அடித்தளம் தரும் அழுத்தமும் தவறாக மதிப்பிடப்படும்.

குறை தோன்றியதும் அறைகளின் எண்ணிக்கையைப் பெருக்க முற்படுவோர் பலர். காரணம் நீங்காதிருக்க, எண்ணிக்கையால் மட்டும் குணம் ஏற்படாது. மிக மோசமான அறைகள் எங்கே உள்ளன என்று காண்பதே முதல் வேலை. சராசரி நன்றாயிருப்பது போதாது. சில நூறு அறைகளே கெட்டிருப்பினும், அவை முன் சிறகின் அடியில் இருந்தால் விடை கெட்டுப்போகும். அவை பெரும்பாலும் மூன்று இடங்களில் தோன்றுகின்றன.

முதலாவது, வடிவ வரைபடத்தின் குறை. தகடுகளுக்கிடையே மயிரிழை இடைவெளி, ஒன்றன்மேல் ஒன்று படிந்த பரப்புகள், ஊசி போன்ற துண்டுகள் ஆகியவற்றை வரைபடத்திலேயே செப்பனிட வேண்டும்.

இரண்டாவது, கூரிய இடுக்குகள். டயர் சாலையைத் தொடுமிடத்தில் இடைவெளி சிறிது சிறிதாகக் குறைந்து இல்லாமற் போகிறது. அங்கே நல்ல அறை எதுவும் பொருந்தாது. ஆதலால், டயரின் அடியில் மிகச் சிறிய மேடை ஒன்றை அமைத்து அவ்விடுக்கை அடைப்பர். சிறகின் கத்தி போன்ற பின்விளிம்புக்கும் சிறிது தடிப்பு அளிப்பர்.

மூன்றாவது, பரப்பை ஒட்டியோடும் எல்லைப் படலம். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு மீட்டர் நீளப் பரப்பில், இப்படலத்தை முழுமையாகக் கணக்கிட முதல் அடுக்கு சுமார் 0.01 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். பரப்பருகே தோராயச் சூத்திரத்தைக் கையாண்டால் கால் மில்லிமீட்டர் அளவு போதும். அடுக்குகள் ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் சுமார் 1.2 மடங்கு தடித்து வருதல் நலம். இவ்வறைகள் மெல்லியனவாயினும், செங்கல்போல் நேராக அடுக்கப்பட்டிருப்பதால் தீங்கில்லை. மூலைகளில் அவை ஒன்றையொன்று நெருக்கிக் கோணலாகும்போதே கேடு விளைகிறது. அங்கே அடுக்குகளைக் குறைத்துக்கொள்ளலாம்.

இவ்வாறு சீர்செய்த பின்னரே வலையை நுண்மையாக்கி, கணக்கை மீண்டும் செய்து ஒப்பிட வேண்டும். பருமனான வலையின் விடையையும் நுண்ணிய வலையின் விடையையும் ஒப்பிட்டு, உண்மையான விடையை நெருங்கும் வழியை பிரிட்டிஷ் விஞ்ஞானி லூயிஸ் ரிச்சர்ட்சன் 1911-லேயே வெளியிட்டார்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே செய்து காட்டலாம். கட்டமிட்ட தாளில் 7 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டம் வரைந்து, முற்றிலும் உள்ளே அடங்கிய 1 சென்டிமீட்டர் சதுரங்களை எண்ணச் செய்க. பின்னர் அரைச் சென்டிமீட்டர் சதுரங்களை எண்ணிப் பரப்பைக் காணச் செய்க. இரு விடைகளுக்கும் உள்ள வேற்றுமை, முதல் விடையை எவ்வளவு நம்பலாம் என்பதை மாணவருக்கு உணர்த்தும்.