தோல் ஊர்களின் சரக்கொன்றை

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் சித்திரை வெயில் ஏறும்போதுதான் சரக்கொன்றை இலைகளை உதிர்த்துவிட்டுப் பொன்மஞ்சள் சரங்களைத் தொங்கவிடும். இன்று இதைச் சாலையோரத்திலும் பூங்காவிலும் அழகுக்காக நடுகிறோம். பாலாற்றங்கரைத் தோல் தொழிலுக்கோ இது பழைய உறவு.

குரோமிய உப்பு வருவதற்கு முன் இங்கே தோல் பதப்பட்டது மரப்பட்டையில்தான். ஆவாரம்பட்டைக்கே முதலிடம், கொன்றைப் பட்டையும் அதற்குத் துணை சேர்ந்தது. பச்சைத்தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்குவார்கள். பிறகு பட்டை ஊறிய நீரில் நாள்கணக்கில் கிடத்தி, கடைசியாகக் கடுக்காய் நீரில் போட்டு எடுப்பார்கள். பட்டையின் துவர்ப்புக்குக் காரணமான டானின், தோலிலுள்ள கொலாஜன் இழைகளைப் பற்றிப் பிணைத்துவிடுகிறது. அதனால்தான் தோல் அழுகாமல் நிற்கிறது. ‘ஈஸ்ட் இந்தியா தோல்’ என்று கப்பலேறியது இந்தச் சரக்குதான். அது புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. 20ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது, குரோமியம் பரவியது, கொன்றைப் பட்டையின் தேவை குறைந்தது. மரத்துக்கு அது நல்லதே. சுற்றிலும் பட்டை உரித்த மரம் பிழைக்காது.

பூவைக் கிட்டே போய்ப் பாருங்கள். ஐந்து இதழ்கள், பத்து மகரந்தத் தாள்கள்; அவற்றில் மூன்று மட்டும் நீண்டு வளைந்திருக்கும். இந்தப் பூவில் தேன் இல்லை, மகரந்தம்தான் கூலி. மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கருவண்டு வந்து பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைக்கும். குட்டைத் தாள்களின் மகரந்தம் அதற்கு உணவாகும். நீண்ட தாள்களின் மகரந்தம் உடம்பில் ஒட்டி அடுத்த பூவுக்குப் பயணப்படும். எத்தனை நேர்த்தியான ஏற்பாடு!

காய் ஒரு முழம்கூட நீளும், உருண்டைக் குழல். உள்ளே அடுக்கடுக்காக அறைகள், அறைக்கொரு விதை, சுற்றிலும் கருத்த இனிப்புச் சதை. மலமிளக்கியாக மருத்துவர்கள் தருவது இந்தச் சதையைத்தான். விலங்குகள் இதைத் தின்று விதையைப் பரப்புகின்றன.

கேரளத்தின் மாநில மலர் இது. தாய்லாந்தின் தேசிய மலரும் இதுவே. நம் தோல் தொழிற்சாலைகளின் மதிலோரங்களில் இதற்கு நிறைய இடமிருக்கிறது. விதையின் மேல்தோல் கடினமானது. சிறிது உரசி, வெந்நீரில் ஊறவைத்து விதையுங்கள். நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் போதும். மின்கம்பிக்கு அடியில் மட்டும் வேண்டாம். இலைகளைப் புழுக்கள் தின்றால் மருந்தடிக்காதீர்கள்: அவை வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் குஞ்சுகள், மரம் மறுபடி தளிர்த்துக்கொள்ளும்.