இரண்டு பூட்டும் உடைந்தால்

“அண்ணனுக்குக் கண்ணில் புற்று. தம்பிக்கும் வருமா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருக்கான பதில் ஆர்பி1 என்ற மரபணுவில் இருக்கிறது. 13ஆவது குரோமோசோமில் உள்ள இந்த மரபணு உருவாக்கும் புரதம், வேளை வராமல் செல் பிரியாதபடி அடக்கி வைக்கிறது.

இது கண்டுபிடிக்கப்பட்ட விதம் எனக்கு இன்றும் தீராத வியப்பு. 1971இல் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃப்ரெட் நட்சன், விழித்திரைப் புற்று வந்த 48 பேரின் விவரங்களை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டார். இரு கண்ணிலும் கட்டி வந்தவர்களுக்கு அது சீக்கிரமே வந்திருந்தது. ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களுக்குப் பிந்தி வந்திருந்தது. ஏன்?

என் பாட்டி வீட்டில் நெல் வைக்கும் அறைக்கு இரண்டு பூட்டு. ஒன்று உடைந்தாலும் மற்றது காக்கும். ஆர்பி1-ம் அப்படித்தான்: தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று. சில குழந்தைகள் எல்லாச் செல்லிலும் ஒரு பூட்டு உடைந்தே பிறக்கிறார்கள். வளரும் விழித்திரையின் எண்ணற்ற செல்களில் சிலவற்றில் மற்றதும் உடைந்தால் போதும். மற்றக் குழந்தைகளுக்கோ ஒரே செல்லில் இரண்டும் உடைய வேண்டும், அது அபூர்வம். நட்சன் கணக்கில் கண்ட மரபணு 1986இல்தான் கையில் சிக்கியது.

இரு கண்ணிலும் நோய் வந்த குழந்தைகளில் பெரும்பாலோரின் பெற்றோருக்கு அந்தப் பழுது இருப்பதில்லை. கருவாகும் கட்டத்தில் புதிதாக நேர்வது அது. “உன் வம்சத்து நோய்” என்று தாயைக் குத்திக்காட்டுவது கொடுமை மட்டுமல்ல, பெரும்பாலும் பொய்யும்கூட.

இன்னொரு வழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும். மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லிக் குழந்தையை வீட்டிலேயே வைத்திருக்கிறோம். மாறுகண்ணும், ஃபிளாஷ் படத்தில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிவதும் இந்தப் புற்றின் அடையாளமாக இருக்கலாம். வேறு காரணமும் இருக்கலாம். அதைக் கண் மருத்துவர் சொல்லட்டும். கட்டி கண்ணுக்குள் இருக்கும்போதே பிடித்துவிட்டால் உயிர் பிழைக்கும். பல நேரம் பார்வையும் தப்பும்.

வாசகிக்குப் பதில்: அண்ணனுக்கு ஒரு கண்ணில்தான் என்றாலும் மரபணுச் சோதனை செய்யுங்கள், ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களிலும் சிலர் பிறவியிலேயே பழுதைச் சுமப்பவர்கள். முடிவு வரும்வரை காத்திராமல் தம்பியின் கண்ணை இந்த வாரமே காட்டிவிடுங்கள்.